பதினான்கு வாரத்துக்குள்

புதுச்சேரி உப்பளத்து மக்களே, மழை ஓயும் காலத்தில் நம் தெருக்களில் குட்டிகளின் முனகல் தொடங்கிவிடும். இந்திரா காந்தி விளையாட்டு மைதானத்தின் மதிலோரம் கேட்கும், பழைய துறைமுகத்துப் பக்கம் நிற்கும் லாரிகளுக்கு அடியில் கேட்கும், உப்பனாற்று வாய்க்கால் கரையில் கேட்கும், வம்பாகீரப்பாளையத்தில் கரையேற்றிய படகுகளின் நிழலில் கேட்கும். கேட்கிறோம், கடந்து போகிறோம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே கடந்து போகிறோம். அந்த நாளையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நாய்க்குட்டிக்கு நாளைகள் மிகக் குறைவாகவே அளந்து தரப்பட்டிருக்கின்றன.

கணக்கைக் கேளுங்கள். கண் திறந்து காதும் கேட்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் உலகம் குட்டிக்குள் நுழைகிறது. பன்னிரண்டாவது வாரம், மிஞ்சிப்போனால் பதினான்காவது வாரம், அந்தக் கதவு சாத்திக்கொள்ளத் தொடங்குகிறது. இடையில் எந்தக் கை தடவிக் கொடுத்ததோ அந்தக் கையை அது ஆயுளுக்கும் நம்பும். பிள்ளைகள் ஓடுவது, மிக்ஸி இரைவது, ஸ்கூட்டர் வந்து நிற்பது, விருந்தாளி செருப்பைக் கழற்றுவது எல்லாம் அந்த நாள்களில் பழகினால்தான் பழக்கம். அந்த நாள்களில் கல்லையும் உதையையும் மட்டுமே கண்ட குட்டி, வளர்ந்த பிறகும் மனிதனைக் கண்டு அஞ்சும். அஞ்சுகிற நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் நூலாகவே எழுதி வைத்தார்கள். நாம் அதை அறியாதவர்கள்போல் இன்னும் பிப்ரவரிக்குப் பார்க்கலாம், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைச் சொல்ல நா தயங்குகிறது. கொல்கத்தா ஐசர் என்னும் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் மேற்கு வங்கத் தெருக்களில் 364 குட்டிகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி ஏழு மாதம் வரை பிழைத்தவை நூற்றுக்கு 19 மட்டுமே. ஐந்தில் ஒன்று கூட முழுசாகத் தேறவில்லை. செத்தவற்றில் நூற்றுக்கு 63 மனிதரால் செத்தன. நோயால் என்றால் விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். நம்மால் என்று எழுதியிருக்கிறதே, அதற்கு யாரிடம் போய் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே இன்றே எழுங்கள். ஆனால் கேளுங்கள், எழுந்த வேகத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வந்தால் தாய்க்குச் சோறு போடுங்கள், தண்ணீர் வையுங்கள், எட்டு வாரம் ஆகும் வரை குட்டியை அவளிடமே விடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விற்பனை விதிகளே சொல்கின்றன. விற்கிறவனுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், இரக்கப்பட்டு எடுக்கிற நமக்கு இல்லையா? தாய் கடலூர் சாலையில் அடிபட்டு இறந்திருந்தால், அல்லது யாரோ கோணியில் கட்டிக் கொண்டுவந்து போட்ட குட்டி என்றால், அப்போது ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். எடுங்கள். சூடு கொடுங்கள். பசும்பாலை ஊற்றி வயிற்றைக் கெடுக்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊர் நம்முடையது. எங்கே கொண்டு போவது என்று தெரியவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

எடுத்தாயிற்று. இனிமேல்தான் நம்மில் பலர் தவறுகிறோம், இனிமேல்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எடுத்த குட்டியைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடுகிறோம். யாராவது எடுத்துக்கோங்க என்று எழுதுகிறோம். முதலில் நீண்ட கையில் கொடுத்துவிட்டுப் புண்ணியம் செய்துவிட்டதாக வீட்டுக்கு வந்து தூங்குகிறோம். அந்தக் கை யாருடைய கை என்று கேட்டோமா? பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பரிசு தேடி வந்த கையா? குடோனுக்குக் காவல் தேடி வந்த கையா? வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்த கையா? மூன்று மாதம் மடியில் தூங்கும். ஆறாவது மாதம் செருப்பைக் கடிக்கும். எட்டாவது மாதம் மொட்டை மாடியில் சங்கிலியில் கிடக்கும், சித்திரை வெயிலில் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடக்கும், காது நிறைய உண்ணி இருக்கும். ஒரு நாள் இரவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். தெருவில் பிறந்த நாய்க்காவது தெரு தெரியும். வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்பட்டதற்கு அதுவும் தெரியாது. அந்தப் பாவத்தில் இறக்கிவிட்டவருக்கு ஒரு பங்கு என்றால், விசாரிக்காமல் கொடுத்த நமக்கும் ஒரு பங்கு உண்டு.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! அதில் பாதியாவது விசாரியுங்கள். நேரில் போங்கள். மாலையில் போங்கள், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். ஒருவர் ஆசைப்பட்டால் போதாது, பாட்டிக்கும் சம்மதமா என்று பாட்டியையே கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் யார் இருப்பார்கள்? குட்டி மூத்திரம் போனால் யார் துடைப்பார்கள்? ஆசையாகக் கேட்கிற பையன் கல்லூரிக்குச் சென்னை போய்விட்டால் அப்புறம் யாருடைய நாய்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடாமல் இருக்க உள்ளே இடம் இருக்கிறதா? ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் கருத்தடைக்கும் ஆகும் செலவு தெரியுமா? நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்குமே, அது தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவர் வீடு, எத்தனை பெரிய வீடாக இருந்தாலும், அந்தக் குட்டிக்கு உரிய வீடு அன்று. நின்று பொறுமையாகப் பதில் சொல்கிறவர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாலும் அவரிடம் கொடுங்கள்.

ஒன்றை மறவாமல் கேளுங்கள்: சமீபத்தில் இந்த வீட்டில் குட்டி ஏதாவது ரத்தக் கழிச்சலில் செத்ததா? அந்தக் கழிச்சலைத் தரும் பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முடியாத குட்டியை அந்த வாசலில் இறக்கினால் சில நாள்களில் அதுவும் போய்விடும். நல்ல மனிதர்கள், நல்ல வீடு, ஆனால் இப்போது கூடாது. ஆறாவது எட்டாவது வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை அடுத்தது, பதினாறாவது வாரம் வரை. மூன்றாம் மாதத்தில் ரேபிஸ் ஊசி. இந்த ஊசிகளைக் குறித்த அட்டையோடுதான் குட்டி கை மாற வேண்டும். அட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று பிறகு சொல்லாதபடி ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேபிஸைப் பற்றிப் பேசாமல் நாய்ப் பாசம் பேசுகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மதிப்பீடு. அவர்களில் நாற்பது சதவீதத்தினர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைத்தவர் அரிதினும் அரிது. 1885-இல் பாரிசில் லூயி பாஸ்தர் ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். 1907-இல் குன்னூரில் அவர் பெயரால் நிறுவனமே வந்துவிட்டது. மருந்து வந்து நூறாண்டு கடந்தும் நம் பிள்ளைகள் சாவது யாருடைய அலட்சியம்? குட்டி பல்லால் கீறினாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள் பூசாதீர்கள், மிளகாய் பூசாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். அன்றே ஜிப்மருக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். குட்டிக்கு வீடு தேடுகிறவன் அந்த வீட்டுக் குழந்தைக்கும் பொறுப்பாளி.

அடுத்து, நம் ஊரின் பழைய குற்றத்தைச் சொல்கிறேன். நான்கு குட்டி கிடந்தால் ஆண் குட்டி முதல் நாளே போய்விடுகிறது. வெள்ளைக் குட்டி போய்விடுகிறது. காதுமடல் அழகாக இருப்பது போய்விடுகிறது. பெட்டைக்குட்டி மட்டும் அட்டைப்பெட்டியில் மிஞ்சுகிறது. பெட்டை என்றால் குட்டி போடும், யார் பார்ப்பது என்கிறார்கள். குட்டி போடாமல் இருக்க அறுவை சிகிச்சை இருக்கிறது, ஆறு மாதம் ஆனதும் செய்துவிடலாம் என்று எத்தனை முறை சொல்வது! சென்னையில் 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு நாயைக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று மாநகராட்சியிடம் வாதாடி வாதாடி, 1996-இல் அதைச் சாதித்தது. வழி தெரியாத காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மிஞ்சிய பெட்டைக்குட்டி யாரும் எடுக்காமல் வளர்ந்தால், பிறகு ஏறக்குறைய இரண்டே மாதச் சினையில் ஐந்தாறு குட்டிகளோடு அதே மதிலோரம் படுத்திருக்கும். மறு வருடம் முனகுவது அந்தக் குட்டிகள். இன்று ஒரு கதவைத் தட்டத் தயங்கினால் அடுத்த மழையில் ஆறு கதவைத் தட்ட வேண்டியிருக்கும். பெட்டைக்கு முதலில் வீடு பாருங்கள்!

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறோமா? ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்ததால் வந்தது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். பட்டினியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஒரு பாக்கெட் பிஸ்கெட்டின் விலை! நம் தெருவில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் உறவு உண்டே, அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2021 நவம்பர் 30-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2022 அக்டோபரிலிருந்து, முதன்முதலாக நாய் எடுக்கிறவர் அதன் தேவைகளையும் செலவையும் படித்தறிந்து உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகும் ஏழு நாள் காத்திருந்தால்தான் நாய் கைக்கு வரும். அந்த ஏழு நாளில் ஆசை அடங்கிவிட்டால் நல்லதுதான், நாய் பிழைத்தது. கைவிட்டால் மூன்றாண்டு வரை சிறை, 45,000 யூரோ வரை அபராதம். அவர்கள் வைத்த ஏழு நாளை நாமும் வைக்க எந்தச் சட்டமன்றமும் கூட வேண்டியதில்லை. கேட்டவுடன் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லுங்கள். அதுவரை குட்டி உங்கள் வீட்டில் இருக்கட்டும். வருகிறவர் வருவார்.

நாட்டின் உச்ச நீதிமன்றமே இப்போது தெருநாய் வழக்கைக் கையில் எடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று சொன்ன உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்று விதித்தார்கள். நவம்பர் 7 அன்று இன்னொன்று: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் உள்ள நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது. உப்பளத்தாரே, நம் மைதானம் எது? நம் பக்கத்து ரயில் நிலையம் எது? அந்த மதிலோரம் பிறக்கிற குட்டிக்கு இனி அந்த மதிலோரமும் சொந்தமில்லை. ஒரு வீட்டுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் கூண்டுக்குள் போக வேண்டும். கூண்டில் நூறு நாயோடு நூற்றொன்றாகக் கிடக்கப் போகும் குட்டிக்கு நாம் ஒரு திண்ணையைத் தேடிக் கொடுக்க முடியாதா?

இரக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2016 ஜூலையில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஓர் இளம் பெட்டை நாயை ஒருவர் மாடியிலிருந்து தூக்கி எறிந்ததை வீடியோவில் பார்த்து நாடே கொதித்தது. எலும்பு முறிந்த நிலையிலும் உயிரோடு கிடந்த அவளை நாள்கள் கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள், பத்ரா என்று பெயர் வைத்தார்கள், சிகிச்சை கொடுத்தார்கள், ஒரு நல்ல வீட்டில் சேர்த்தார்கள். வீடியோவில் வந்தவளுக்கு வீடு கிடைத்தது. வீடியோவில் வராமல் வாய்க்கால் கரையில் கிடப்பவளுக்கு? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்தத் தண்ணீரில் எத்தனை குட்டிகள் போயின என்று யாராவது எண்ணினோமா? எண்ணவில்லை. எண்ணுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவர்கள்தானே நாம் எல்லோரும்!

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களே, சொர்க்க வாசலில் தருமர் என்ன செய்தார்? கூட வந்த நாயை வெளியே விட்டுவிட்டு எனக்கு மட்டும் அந்த வீடு வேண்டாம் என்று நின்றார். இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போகிறவர்களே, கொள்ளைநோயில் காட்டில் தனியே கிடந்த புனித ரோக்குக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது எது? பள்ளிவாசலுக்குப் போகிறவர்களே, கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு தாகித்த நாய்க்குக் கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்று கேட்டிருக்கிறீர்களே. கேட்டதை எல்லாம் எங்கே வைத்தோம்? தீர்ப்பு நாளில் நம்மிடம் எத்தனை முறை கும்பிட்டாய் என்று மட்டுமா கேட்பார்கள்? உன் வாசலில் முனகியது, நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். உன் தெருவே கேட்டதே, உன் தெரு என்ன செய்தது என்றும் கேட்பார்கள்.

ஆகவே தெருவாகச் செய்வோம். ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர் ஒதுங்குவது போதும். நாய் என்றால் அந்த அக்கா வீட்டில் போடு என்று பத்துக் குட்டியை ஒரே வாசலில் இறக்குகிறோமே, அந்த அக்காவும் மனுஷிதான், அவருக்கும் வாடகை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. ஒருவர் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் ஊசிக்குக் காசு கொடுக்கட்டும். ஆட்டோ வைத்திருப்பவர் குரும்பாப்பேட்டுக்குக் கூட்டிப் போகட்டும். பள்ளிப் பிள்ளைகள் குட்டியோடு தினமும் அரை மணி நேரம் விளையாடட்டும், அந்தப் பதினான்கு வாரத்தில் அவர்கள் கொடுக்கும் அரை மணி நேரத்துக்கு ஈடு கிடையாது. வீடு பார்க்கப் போகிறவர் தனியாகப் போகாமல் இருவராகப் போகட்டும், ஒருவர் இளகினால் இன்னொருவர் கேட்க வேண்டியதைக் கேட்பார். வெளிநாட்டு ஹஸ்கி தேடுகிறவரிடம், புதுச்சேரி வெயிலுக்கு அது படும் பாட்டை எடுத்துச் சொல்லி இந்த நாட்டு நாய்க்குட்டியைக் காட்டுங்கள். இந்த மண்ணின் வெக்கைக்குப் பிறந்தது அது.

கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: ஊசி போடுவேன், ஆறு மாதத்தில் கருத்தடை செய்வேன், நாள் முழுக்கக் கட்டிப் போட மாட்டேன், முடியாமல் போனால் தெருவில் விட மாட்டேன், உங்களிடமே திருப்பித் தருவேன். இந்தக் கடைசி வரி மிக முக்கியம். திருப்பிக் கொண்டுவந்தவரைத் திட்டாதீர்கள், ஊரெல்லாம் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். திட்டினால் அடுத்தவர் உங்களிடம் வர மாட்டார், இருட்டில் வாய்க்கால் பக்கம் போவார். வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடி வீடு தேடுங்கள். கொடுத்த மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். வாலாட்டி ஓடி வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா என்று பாருங்கள். ஒடுங்கினால் காரணம் கேளுங்கள். ஆறாம் மாதம் கருத்தடைக்கு நீங்களே நினைவூட்டுங்கள், துணைக்கும் போங்கள்.

இன்று மாலை வேலை முடிந்து வரும்போது உங்கள் தெருவில் எத்தனை குட்டி, எத்தனை வாரம் இருக்கும், எத்தனை பெட்டை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே பத்து வாரம் ஆனது ஏதாவது இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள், ஏனென்றால் அதற்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. விசாரிக்க ஒரு வாரம், முதல் ஊசிக்கு ஒரு நாள், வீடு பார்க்க இரண்டு மாலை. நேரம் போதும், இன்றே தொடங்கினால் போதும்.